அப்பாவைக் கேட்டீர்களா?

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோரே, வணக்கம். மக்களாட்சி சரியான முடிவுகளைத் தருவதால்தான் நியாயமாகிறது என்கிறது எதிரணி. இல்லை என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சேயின் 1785ஆம் ஆண்டுக் கணக்கைச் சொன்னார். தனித்தனியே யோசிக்கும் ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்றால், ஆட்கள் கூடக்கூடப் பெரும்பான்மை பிழைவிடுவது குறைந்துகொண்டே போகும். நல்ல கணக்குத்தான். ஆனால் தம்பி பாதியோடு நிறுத்திவிட்டார். அந்த வாய்ப்பு பாதிக்குக் கீழே போனால், ஆட்கள் கூடக்கூடப் பிழைதான் உறுதியாகும். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் இலங்கை நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை வாக்கால்தான் நிறைவேறியது. அதற்காக வாக்கே வேண்டாம் என்று நாங்கள் சொன்னோமா? முடிவு பிழைத்த நாளிலும் வாக்கை விடவில்லை என்றால், அதன் நியாயம் வேறெங்கோ இருக்கிறது.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்கு வாருங்கள். மழைக்காலக் காலபோகம் போலல்ல, மழை குறைந்த சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, எத்தனை ஏக்கருக்குக் காணும் என்பதைப் பொறியியலாளர் சொல்லட்டும். அதில் அவர்தான் கெட்டிக்காரர். சரி, யாருடைய வயல் தரிசாகக் கிடப்பது? அதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. அதற்குத்தான் கமக்காரரைக் கூட்டிச் சிறுபோகக் கூட்டம் வைக்கிறோம்.

என் அப்பா 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய குடும்பம். பிரஜாவுரிமை இல்லாததால் காணிப் பெர்மிற் இல்லை. பெர்மிற் இல்லாததால் கூட்டத்தில் கதிரை இல்லை. மண்டபத்து யன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே நிற்பாராம். உள்ளே எடுத்த முடிவு பல வருடம் சரியாகத்தான் இருந்தது, பயிர் காயவில்லை. ஆனாலும் வீட்டில் ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பார்: "எங்கள யாரும் கேக்கலியே."

1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்திலும் இதுதான் நடந்தது. அப்பாவைப் போன்ற நாடற்ற இந்திய வம்சாவளித் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களைக் கேட்கவில்லை. அந்தப் பிரிப்பு மிகச் சரியானது என்று நீங்கள் இந்த மேடையில் நிறுவிக் காட்டினாலும் அப்பாவின் மனம் ஆறாது.

பெர்மிற் கிடைத்தபின் அவர் முதன்முதலாகக் கை உயர்த்திய கூட்டத்தில் அவர் பக்கம் தோற்றது. அந்தச் சிறுபோகம் எங்கள் வயல் தரிசு. வீட்டுக்கு வந்தவர் மண்வெட்டியைக் கழுவிச் சுவரோடு சாத்திவிட்டு, "சரி, காலபோகத்துல பாத்துக்கலாம்" என்றார்.