நியூராட்டிசிசம்: மனம் கலங்கும் வேகமும் தெளியும் நேரமும்

[காட்சி: கைபேசித் திரையில் ஒரு குறுஞ்செய்தி]

"நாளை காலை உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்." மேலதிகாரியிடமிருந்து மாலை 6 மணிக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது. ஒருவர் படித்துவிட்டுக் கைபேசியை ஓரமாக வைத்துவிடுகிறார். இன்னொருவரோ, போன வாரம் அனுப்பிய அறிக்கையில் ஏதேனும் பிழை இருந்ததோ, கூட்டத்தில் வாய்தவறி ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று எண்ணத் தொடங்கி, சாப்பிடும்போதும் அந்த ஒற்றை வரியையே எடுத்து எடுத்துப் பார்த்து, இரவு 2 மணிக்கும் விழித்துக் கிடக்கிறார்.

கவலை, எரிச்சல், சோர்வு, குற்றவுணர்வு போன்றவை ஒருவருக்கு எவ்வளவு எளிதில் எழுகின்றன, எவ்வளவு வலுவாகத் தாக்குகின்றன, அடங்க எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்பதையே நியூராட்டிசிசம் என்ற ஆளுமைப் பண்பு குறிக்கிறது. இன்று பரவலாக ஏற்கப்படும் ஐம்பெரும் ஆளுமைப் பண்புகளுள் இதுவும் ஒன்று.

[காட்சி: இடமிருந்து வலமாக நீளும் ஓர் அளவுகோல்]

பெயர்தான் தொல்லை. 1769-இல் வில்லியம் கல்லன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நரம்புக் கோளாறுகளுக்கு வைத்த 'நியூரோசிஸ்' என்ற சொல்லின் நிழல் இதன்மேல் விழுந்திருப்பதால், நோயின் பெயரென்றே பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் இது உயரத்தைப் போல எல்லோரிடமும் கூடியோ குறைந்தோ இருக்கும் ஓர் அளவு. உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் 1947-இலேயே இதை அப்படித்தான் விளக்கினார். பெரும்பாலானோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள்.

அதற்காக இதை அலட்சியப்படுத்தவும் முடியாது. இந்த அளவு மிகுந்தவர்களுக்கு மனச்சோர்வு நோயும் பதற்றக் கோளாறுகளும் வரும் வாய்ப்பு அதிகம் என்பது மீண்டும் மீண்டும் உறுதியாகியுள்ளது. இரட்டையர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகளின்படி, இப்பண்பில் மனிதர்களுக்கிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு மரபணு சார்ந்தது. இதை வைத்து "பிறவிக்குணம், மாற்ற முடியாது" என்று முடிவுகட்டுவது தவறு. அந்தப் பேச்சு ஏற்கெனவே கலங்கியிருப்பவரை மேலும் கலங்கடிக்கிறது என்பதால், அதை நான் அழுத்தியே மறுக்கிறேன். பொதுவாக இளமையிலிருந்து நடுவயதுக்குப் போகும்போது இப்பண்பு தானாகவே தணிகிறது. உளவியல் சிகிச்சையின்போது ஆளுமைப் பண்புகளில் அதிகமாக மாறுவதும் இதுவே என்று பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

[காட்சி: மறுபடியும் அதே கைபேசி, இரவு 2 மணி]

எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், "நிச்சயம் ஏதோ தவறு நடந்துவிட்டது" என்ற எண்ணத்தை அந்த விழித்துக் கிடந்தவர் ஒரு தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, அந்தச் செய்திக்கு வேறு என்ன பொருள் இருக்கலாம் என்று பக்கத்திலேயே எழுதப் பழகுகிறார். கவலை அன்றிரவும் வரும். ஆனால் 2 மணிவரை நீண்டது, சில வாரப் பயிற்சிக்குப் பின் 11 மணிக்கே அடங்கக்கூடும்.