குறைக்கிறது என்பதே எங்கள் கட்சி

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்த வெக்கையிலும் மண்டபத்தை நிறைத்திருக்கும் திருகோணமலை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"புதிய தொழில்நுட்பம் வேலைத்தலத்தில் மனிதனின் கற்றலையும் நிம்மதியையும் வளர்க்கிறதா, குறைக்கிறதா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வளர்க்கிறது என்றார். மூன்று சான்று தந்தார். ஒன்று, திருக்கடலூர் மீனவரின் ஜிபிஎஸ். இரண்டு, ஓர் அமெரிக்க ஆய்வு. மூன்று, மணற்கேணிக் குறள். அந்தக் குறளை நான்தான் சொல்ல இருந்தேன். பட்டிமன்றத்தில் ஒரே குறளை இரண்டாவதாகச் சொல்ல வருபவனின் பாடு நடுவருக்குத் தெரியாததல்ல. பரவாயில்லை, அதே குறளில் ஒரேயொரு கேள்வி. தோண்டத் தோண்ட ஊறும் சரி, தோண்டுவது யார்? வரட்சிக் காலத்தில் பவுசர் வந்து தண்ணீர் ஊற்றினால் தொட்டி நிறையும். கேணியில் ஊற்றுக் கண் திறக்காது.

நான் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் வாகனத் திருத்தம் படிப்பிக்கிறவன். கிறீஸ் பட்ட கைக்குப் பட்டிமன்றத்தில் என்ன வேலை என்று முன்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஐயா, ஆய்வு முடிவுகளும் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முதல் ஒரு கராஜுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஒரு கார் வருகிறது. என்ஜின் லைட் எரிகிறது. என்னிடம் படித்த பெடியன், கோளாறை வாசித்துக் காட்டும் ஸ்கானரை மாட்டுகிறான். திரையில் பி 0171 என்று கோட் விழுகிறது. கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு என்பது அதன் பொருள். பெடியன் உடனே, புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளந்து சொல்லும் சென்சரை மாற்றுகிறான். லைட் அணைகிறது. காசும் வாங்கியாயிற்று. மறு வாரம் அதே கார் அதே லைட்டோடு வாசலில் நிற்கிறது.

அந்தக் கராஜில் 'பாஸ்' என்று எல்லோரும் கூப்பிடும் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் என்ஜினை ஸ்டார்ட்டில் விட்டார். பொனட்டுக்குள் குனிந்து காதைக் கொடுத்தார். பிறகு கார்ப் கிளீனர் டின்னை எடுத்து, காற்றுப் போகும் ஹோஸ்கள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் அடித்ததும் என்ஜின் சத்தம் ஏறியது. அடித்த திரவம் உள்ளே போய் எரிகிறது, அதனால் ஏறுகிறது. அந்த இடத்தில் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. கணக்கில் வராத காற்று அதற்குள்ளால் போய்க்கொண்டிருந்தது. பாவம் அந்தச் சென்சர், அது உண்மையைத்தான் சொன்னது. உண்மை சொன்னதைக் கழற்றி எறிந்துவிட்டான் நம்மாள்.

"அது பெடியன் விட்ட பிழை, ஸ்கானரின் பிழையா?" என்று எதிரணியில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். ஆனால் அவன் ஏன் குனிந்து காதைக் கொடுக்கவில்லை என்று யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். அந்தக் கராஜில் ஒவ்வொரு வாகனம் நிற்கும் இடத்திலும் ஒரு டேப்லெட் கணினி இருக்கிறது. வேலையை ஏற்றதும் அதில் நேரம் ஓடத் தொடங்கும். பச்சையாக இருக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். யார் யார் சிவப்பில் முடித்தார்கள் என்ற பட்டியல் இரவில் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். "சேர், காதைக் குடுத்துக்கொண்டு நின்றால் சிவப்பு வந்திடும்" என்றான். கோட்டைப் பார், சாமானை மாற்று, அடுத்த வண்டியைப் பிடி. இதில் அவன் எதைப் படிப்பான்? இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது போன் ஒருதரம் அதிர்ந்தால் போதும், சோறு இறங்காது என்று அவனுடைய அம்மா சொல்கிறார்.

நடுவர் அவர்களே, இந்த இரண்டு நட்டமும், படிப்புப் போனதும் நிம்மதி போனதும், ஒரே காரணத்தால் வந்தவை. எங்கள் கட்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை ஒருவனிடம் இருந்தால் அவன் கற்கிறான், நிம்மதியாகவும் இருக்கிறான். அந்த உரிமை போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இது கராஜ் வாசலில் நின்று நான் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. ரொபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் சுவீடன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஊழியர் தரவுகளை வைத்து 1979இல் சொன்னது. வேலைப் பளு கூட இருந்து, தீர்மானிக்கும் உரிமையும் கூட இருந்தால் மனிதன் அந்த வேலையிலேயே வளர்கிறான். பளு கூடி உரிமை குறைந்தால் நோயாளியாகிறான். அதிக வேலைதான் ஆளைக் கொல்லும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் அதைத் திருப்பிப் போட்டார்.

லண்டனில் மைக்கேல் மார்மொட்டின் குழு, 1985 தொடக்கம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. நமது கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம் மாதிரி, பைலும் மேசையுமாக இருக்கிற வேலைதான். இருதய வருத்தம் யாருக்குக் கூட? பெரிய கதிரையில் இருப்பவருக்கு என்றுதானே சொல்வீர்கள், அவருக்குத்தானே பொறுப்பு. இல்லை. கீழ்நிலை ஊழியருக்கே கூட. அந்த வித்தியாசத்தின் பெரும் பகுதி, தன் வேலையில் தனக்குச் சொல்லதிகாரம் இல்லாமையோடு பொருந்தி நிற்கிறது என்று 1997இல் எழுதினார்கள். மேலதிகாரி பைலைத் தூக்கி எறிகிறார், கிளார்க் பொறுக்குகிறார். வருத்தம் பொறுக்குகிறவருக்கு.

"இதெல்லாம் பழைய கதை, புதிய தொழில்நுட்பம் எங்கே?" என்று கேட்பீர்கள். வருகிறேன். 2010இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் பிசாரிடெஸ். அவர் தலைமையிலான ஆய்வுத் திட்டம் பிரித்தானியாவில் ஏறக்குறைய 5,000 ஊழியர்களிடம் விசாரித்து 2024இல் முடிவை வெளியிட்டது. மடிக்கணினி, செய்திச் செயலி போன்ற பழகிய கருவிகளோடு வேலை செய்பவர்களின் வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது. கண்காணிப்புக் கருவி, செயற்கை நுண்ணறிவு, ரோபோ என்று புதியவற்றோடு அதிகம் புழங்குகிறவர்களுக்குக் குறைந்திருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். எதிரணி எழுந்து சொல்லும் சிரமம் மிச்சம். ஆனால் தலைப்பில் உள்ள "புதிய" என்ற சொல்லுக்கு நேராக வந்து விழும் சான்று இது.

சரி, எதிரணித் தலைவர் பெருமையோடு எடுத்து வீசிய அமெரிக்க ஆய்வுக்கு வருவோம். வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் 5,179 ஊழியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் தீர்க்கும் பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது, புதியவர்களுக்கு 34 சதவீதம் கூடியது என்றார். உண்மை. 2023இல் வந்த ஆய்வு, நானும் படித்தேன். அவர் பாதியோடு நிறுத்திவிட்டார். நல்ல அனுபவசாலிகளுக்கு அந்தக் கருவியால் கிடைத்தது மிகச் சொற்பம். கருவியோ அந்தக் கெட்டிக்காரர்களின் உரையாடல்களைப் பார்த்துத்தான் படித்தது. தன் கைப்பழக்கத்தைக் கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை.

அதில் இன்னொன்றும் இருக்கிறது. அது அவர்கள் பக்கத்துக்குச் சாதகமானது, ஆனாலும் சொல்கிறேன். கருவி இடையில் நின்றுபோன நேரங்களிலும் அதைப் பாவித்துப் பழகியவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். அப்படியென்றால் கற்றிருக்கிறார்கள். எப்படி முடிந்தது? அந்தக் கருவி வாடிக்கையாளரோடு நேரே பேசவில்லை. ஊழியருக்கு யோசனை மட்டும் சொன்னது. பிடித்தால் எடுக்கலாம், திருத்தலாம், தூக்கி எறியலாம். கடைசிச் சொல் மனிதனுடையது. நடுவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரணியின் மிகப் பலமான சான்றில் மனிதன் கற்றது எங்கே என்றால், தீர்மானம் அவன் கையில் விடப்பட்ட இடத்தில்.

மீனவர் அண்ணாவின் ஜிபிஎஸும் அதே கதைதான். அது அவருடைய காசில் வாங்கியது. மீன் பட்ட இடத்தை அவரே குறித்துவைக்கிறார், பக்கத்து வள்ளக்காரருக்குக் கனவிலும் காட்டமாட்டார். கோணேசர் மலையைக் கரையில் எதனோடு சேர்த்துக் குறி பார்ப்பது என்ற பழைய கணக்கும் அவர் தலையில் இருக்கிறது, இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார். கடலில் நடுவே வந்து "ஏன் இங்கே இவ்வளவு நேரம் நின்றாய்" என்று கேட்க ஒருவரும் இல்லை. அவருக்கு அது வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு வேலைத்தலம் வாய்த்திருக்கிறது? கார்மென்டில் தைக்கிற தங்கச்சிக்குத் தலைக்கு மேலே ஓடும் டார்கெட் போர்டை நிறுத்திவைக்கும் அதிகாரம் உண்டா?

இனி, கற்றவர்களுக்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். போலந்தில் நான்கு மருத்துவ நிலையங்களில், குடலுக்குள் கமரா விட்டுக் கட்டி பார்க்கும் வைத்தியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு கொடுக்கப்பட்டது. கட்டி இருக்கும் இடத்தை அது திரையில் காட்டும். நல்ல உதவி. பிறகு அந்தக் கருவி இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். கருவி வருவதற்கு முன் 100 பேரில் 28.4 பேருக்குக் கட்டியைக் கண்டுபிடித்தவர்கள், கருவியோடு பழகிய பின் 22.4 பேருக்குத்தான் கண்டுபிடித்தார்கள். 2025இல் வெளியானது. இவர்கள் புதுப் பெடியன்கள் அல்ல, ஆயிரக்கணக்கில் செய்து தேர்ந்த நிபுணர்கள். சில மாதங்களில் இப்படி. இதுவும் அவதானிப்பு ஆய்வுதான், வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் உங்கள் வயிற்றுக்குள் கமரா போகும் நாளில் கரண்ட் நின்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நம்மூரில் கரண்ட் நிற்காது என்று நினைப்பவர்கள் கை தூக்கலாம்.

நடுவர் இடையில் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். "நீர் குற்றம் சொல்வது கருவியையா, கருவியைக் கொண்டுவருகிற முதலாளியையா?" என்று. பதில் 1951இல் இருக்கிறது. இங்கிலாந்தில் எரிக் ட்ரிஸ்ட் என்பவரும், முன்னர் தானே சுரங்கத்துக்குள் வேலை செய்த கென் பாம்ஃபோர்த்தும் நிலக்கரிச் சுரங்கங்களை ஆராய்ந்தார்கள். இயந்திரம் வரும் முன்னர், இரண்டு மூன்று பேர் ஒரு குழுவாக, வெட்டுவது முதல் ஏற்றுவது வரை முழு வேலையையும் தாங்களே பார்த்தார்கள். நெடுஞ்சுவர் முறை என்று இயந்திரம் வந்ததும் ஏறக்குறைய நாற்பது பேரை மூன்று ஷிப்டாகப் பிரித்தார்கள். ஒரு ஷிப்ட் வெட்டும், இன்னொன்று கன்வேயரை நகர்த்தும், இன்னொன்று அள்ளும். முழு வேலை ஒருவருக்கும் தெரியாது. லீவு கூடியது, சண்டை கூடியது, முந்திய ஷிப்டின் குறையை அடுத்த ஷிப்ட் சுமந்தது. பிறகு சில சுரங்கங்களில் தொழிலாளர்கள் தாங்களாகவே பழையபடி குழுவாகச் சேர்ந்தார்கள். புதிய இயந்திரங்களோடுதான், ஆனால் வேலை நன்றாக நடந்தது.

"பார்த்தீர்களா, இயந்திரம் குற்றவாளி இல்லை" என்று எதிரணி துள்ளுகிறது. தம்பி, கொஞ்சம் பொறும். வேலைத்தலத்துக்கு இயந்திரம் தனியாக வந்து இறங்குவதில்லை. யார் என்ன செய்வது, எவ்வளவு நேரத்தில் செய்வது, யார் யாரை எண்ணுவது என்ற ஒழுங்கோடு சேர்ந்துதான் வருகிறது. வாங்குகிற பெரியவர் விலையையும் வேகத்தையும் பார்த்து வாங்குகிறார். பாவிக்கப் போகிற பெடியனிடம் யாரும் கேட்பதில்லை. சுரங்கத்தில் சரிசெய்தது தொழிலாளர்களின் எதிர்ப்பும் மூளையும், இயந்திரம் அல்ல. அந்த உழைப்பை இயந்திரத்தின் கணக்கில் வரவு வைக்க எதிரணிக்கு உரிமை இல்லை. தலைப்பும் "வளர்க்க முடியுமா" என்று கேட்கவில்லை. வளர்க்கிறதா என்று கேட்கிறது, இன்று, இங்கே, அனுராதபுரச் சந்தியிலிருந்து சீனக்குடா வரை நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற இடங்களில்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிடம். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கை வங்கியில் வேலை செய்கிறவர் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். அவருக்கு ஒரு கேள்வி. உங்கள் கணினி ஒருவருடைய கடன் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுகிறது என்று வையுங்கள். ஏன் தள்ளியது என்று வாடிக்கையாளருக்கு விளக்க உங்களால் முடியுமா? அந்த ஆளை உங்களுக்குத் தெரியும், நாணயமானவர், தரலாம் என்று உங்கள் அனுபவம் சொன்னால் அதை மாற்ற உங்களுக்கு அதிகாரம் உண்டா? உண்டு என்றால் எங்கள் கட்சியில் பாதியை இந்த மேடையிலேயே விட்டுக்கொடுக்கிறேன். இல்லை என்றால், நடுவர் அவர்களே, அவருடைய நேரத்தில் இரண்டு நிமிடத்தை வெட்டி எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.