காட்ஸன்: துரத்தலில் பிறந்த ஒரு டச்சு வினைச்சொல்

அவையோருக்கு வணக்கம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குக் 'கேட்ச்' தெரியும், 'சேஸ்' தெரியும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதே வயிற்றில் பிறந்த இன்னொரு பிள்ளை டச்சு மொழியில் இருக்கிறது: 'காட்ஸன்'. நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் கையால் பந்தடித்து ஆடும் புல்வெளி ஆட்டம் ஒன்று உண்டு. அதை ஆடுவதற்கான வினை இது.

மூலம் லத்தீன். 'கபெரே' என்றால் பிடித்தல். அதன் வழியில் 'கப்தாரே', பிடிக்க முயலுதல். பேச்சு லத்தீனில் அது 'கப்தியாரே' ஆகி, வேட்டையாடுவதையும் துரத்துவதையும் குறித்தது. இதன் பிறகு பாதை பிரிகிறது. பாரிஸ் வட்டாரப் பழைய பிரெஞ்சில் முதல் ககரம் சகரமாகத் திரிந்து 'சட்ஸியேர்' ஆனது. வடக்கே பிக்கார்டியிலும் நார்மண்டியிலும் ககரம் அசையவில்லை, அங்கே 'கச்சியேர்'. ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டது: பாரிஸ் வடிவம் சேஸ், வடக்கு வடிவம் கேட்ச். டச்சுக்குப் பிக்கார்டி பக்கத்து வீடு. ககரத்தோடுதான் சொல் வந்தது. கேட்சிலிருந்து காட்ஸன் வந்தது என்பாரும் உண்டு. அது அண்ணனைத் தம்பிக்கு அப்பனாக்குவது.

'ச்ச' எப்படி 'ட்ஸ' ஆயிற்று? அந்தச் சகரம் டச்சு வாய்க்குப் பழக்கமில்லாதது. பக்கத்தில் இருந்த 'ட்ஸ்' ஒலியைப் போட்டுக்கொண்டார்கள். ஒரு சொல்லை மட்டும் வைத்து ஒலித்திரிபு பேசினால் நம்பாதீர்கள், கூட்டாளிகளைக் கேளுங்கள். பாறைக்குப் பழைய பிரெஞ்சில் 'ரொச்', டச்சில் 'ரொட்ஸ்'. பொய்க்காலுக்குப் பிக்கார்டியில் 'எஸ்காச்'. அதுவே டச்சில் 'ஸ்ஹாட்ஸ்' ஆகி, பனிச்சறுக்குக் காலணியைக் குறிக்கிறது. டச்சுக்காரரின் 'டய்ட்' காசைத் துட்டாக்கியவர்கள் நாம், நமக்கு இதில் வியப்பில்லை.

துரத்தல் பந்தாட்டமானது எப்படி? விடை மைதானத்தில் இருக்கிறது. நீளம் 61 மீட்டர், அகலம் 32 மீட்டர், அணிக்கு மூவர். திருப்பியடித்த பந்து எல்லையைத் தாண்டாமல் நடுவிலேயே நிறுத்தப்பட்டால் உடனே யாருக்கும் புள்ளி கிடையாது. நின்ற இடத்தில் ஒரு குறி வைப்பார்கள். பிறகு அணிகள் இடம் மாறி, அந்தக் குறியைக் கடக்க அடிக்க வேண்டும். குறியின் பெயர் 'காட்ஸ்'. பழைய உள்ளரங்க டென்னிஸில் இதே குறியை ஆங்கிலேயர் 'சேஸ்' என்றும் பிரெஞ்சுக்காரர் 'ஷாஸ்' என்றும் சொல்கிறார்கள். சொல் தனியே வரவில்லை, ஆட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

வந்த சொல் மைதானத்தோடு நிற்கவும் இல்லை. 'வேர்காட்ஸன்' என்றால் ஒலி எதிரொலித்தல், ஒளி பட்டுத் திரும்புதல். வேட்டை அதில் துளியும் இல்லை. சுவரில் பட்டு மீளும் பந்து மட்டும் மிஞ்சியிருக்கிறது.