ஒரே தென்னை, இரண்டு வண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். தென்னையைக் கெடுக்கும் வண்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கொம்பு வைத்த காண்டாமிருக வண்டுதான். அதே மரத்தைத் தேடி வரும் சிவப்புக் கூன்வண்டு வேறு இனம். தின்பதும் வேறு, வளரும் இடமும் வேறு. அதனால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சரிவராது.

காண்டாமிருக வண்டின் புழு உயிருள்ள தென்னையைச் சீண்டுவதில்லை. எருக்குழியிலும் பட்டுப்போன தென்னந்தடியிலும் கிடந்து, மக்கியதைத் தின்று மாதக்கணக்கில் கொழுக்கிறது. சேதம் செய்வது வளர்ந்த வண்டு. இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். அந்த மட்டை விரியும்போது, கத்தரியால் நறுக்கியதுபோல ஓலைகளில் முக்கோண வெட்டு தெரியும்.

கூன்வண்டு நேர்மாறு. அதில் புழுதான் எமன். காலே இல்லாத அந்தப் புழு தண்டுக்குள் மென்மையான பகுதியைத் தின்று வளர்ந்து, நாரைச் சுற்றிக் கூடு கட்டி, உள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. மரம் வெளிக்குப் பச்சையாகவே நிற்கும். தண்டில் ஓட்டை, அதில் தள்ளிய சக்கை, வடியும் பழுப்புச் சாறு, இவற்றைக் கண்டால் உடனே கவனிக்க வேண்டும். காதை வைத்தால் புழு கடிக்கும் சத்தம்கூடக் கேட்கும். குருத்து சாய்ந்த பிறகு மரத்தைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

கூன்வண்டு முட்டையிடக் காயம் தேடும். காண்டாமிருக வண்டு போட்ட துளை அதற்குத் தோதாக அமைந்துவிடுகிறது. ஆகவே முதலில் எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை எருவில் கலந்தால் மிஞ்சிய புழுக்கள் நோய்கண்டு சாகும். 1909இல் பசிபிக் கடலின் சமோவாத் தீவுக்குள் நுழைந்து தென்னைகளை அழித்த காண்டாமிருக வண்டை, 1967இல் அங்கே கொண்டுவிட்ட ஒரு வைரஸ் பெருமளவு அடக்கியது. உயிரியல் முறையை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கூன்வண்டுக்கு எருக்குழி வைத்தியம் பலிக்காது. மரத்தில் காயம் படாமல் பார்ப்பதும், பச்சை மட்டையை வெட்டாமல் இருப்பதும்தான் முதல் காவல். வாசனையால் வண்டை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டுக்கும் உண்டு, ஆனால் கவர்ச்சிப் பொருள் வெவ்வேறு, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கூன்வண்டால் செத்த மரத்தைத் தோப்பிலேயே போட்டுவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் புழுக்கள் வண்டாகிப் பக்கத்து மரத்துக்குப் போகும். தடி மக்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். பிளந்து எரித்துவிடுங்கள்.