அனுமதி யாருடையது?

(ஆய்வு மாணவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு மாணவி தம்முடைய விண்ணப்பக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஆஸ்திரேலியாவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதியது. நடு ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் சடங்குகள் பற்றி அங்கே இருக்கும் ஒலிப்பதிவுகள், ஒளிப்படங்கள், களக்குறிப்புகள் "அனைத்தின் நகலையும் அனுப்பி உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிந்திருந்தது. பணிவில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் "அனைத்தின்" என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1940-இல் சார்லஸ் மவுண்ட்ஃபோர்ட் என்ற மானிடவியலாளர், நடு ஆஸ்திரேலியப் பழங்குடியினரான பிட்ஜன்ஜாரா மக்களின் நிலத்தில் பயணம் செய்தார். அவர்மேல் நம்பிக்கை வைத்த மூத்த ஆண்கள், தீட்சை பெற்ற ஆண்கள் மட்டுமே அறியக்கூடிய சடங்குகளையும் இடங்களையும் அவருக்குக் காட்டினார்கள். 36 ஆண்டுகள் கழித்து, 1976-இல், அவை படங்களோடு புத்தகமாகி விற்பனைக்கு வந்தன. தங்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டால் வழிவழியாக வந்த கட்டுக்கோப்பு என்னாவது என்று அந்த மக்கள் பதறினார்கள். வழக்குத் தொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியின் நீதிமன்றம் அங்கே அந்தப் புத்தகத்தை விற்கத் தடை விதித்தது.

இந்த வழக்கை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின்படி பார்த்தால் அந்த மக்களுக்கு எந்த உரிமையும் இல்லை. எழுதியவரும் படமெடுத்தவரும் மவுண்ட்ஃபோர்ட். வழக்கு வேறொரு காலில் நின்றது. உன்னை நம்பிச் சொன்னதை ஊரறியச் சொல்லிவிட்டாய் என்பதுதான் அந்தக் கால். பதிப்புரிமைக்கு ஆண்டுக்கணக்கு உண்டு. ஒரு நாள் காலாவதியாகும். கொடுத்த வாக்குக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. ஆவணம் பழசாகிவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நாம் நினைக்கிறோமே, நாம் வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

அடுத்து ஸ்ட்ரெலோ என்ற மானிடவியலாளர். 1908-இல் நடு ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனில் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். அங்கே வாழ்ந்த அரெண்ட்டாப் பழங்குடிப் பிள்ளைகளோடு அவர்கள் மொழியைப் பேசியே வளர்ந்தவர். முதியவர்கள் பாடல்களைப் பாடிக்காட்டினார்கள், சடங்குகளைப் படமெடுக்க விட்டார்கள், புனிதப் பொருள்களையும் ஒப்படைத்தார்கள். அவ்வளவு நெருக்கமானவர் எடுத்த ரகசியச் சடங்குப் படங்கள் 1978-இல் ஜெர்மானியப் பத்திரிகை ஒன்றில் வந்தன. அங்கிருந்து ஆஸ்திரேலியப் பத்திரிகைக்கும் போயின. நம்பியவர்கள் மனம் உடைந்தார்கள். அந்த ஆண்டே அவர் இறந்துபோனார். இன்று அவருடைய சேகரிப்பு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், 1991-இல் திறந்த ஆய்வு மையத்தில் இருக்கிறது. அதிலுள்ள சுருங்கா என்னும் புனிதப் பொருள்கள் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை. அவை எப்படி இருக்கும் என்பதை நானும் இங்கே விவரிக்க மாட்டேன். பழைய நூல்களில் படம் கிடைக்கும். கிடைக்கிறது என்பதற்காக அதைத் திரையில் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

என்னை உறுத்தும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகின் பல அருங்காட்சியகங்களில், தன் தாத்தாவின் குரலைக் கேட்கப் பேரனும் விண்ணப்பம் எழுதி, நாள் குறித்து வாங்கி, வரவேற்பு மேசையில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது. பதிவேட்டில் படமெடுத்தவரின் பெயர் இருக்கும். படத்தில் இருப்பவர் "ஒரு பழங்குடி ஆண்" என்றிருப்பார். பெயர் இல்லாமல் பேரன் எதைக் கொண்டு தேடுவார்? நீங்கள் எழுதும் கடிதமும் அவர் எழுதும் கடிதமும் ஒரே தட்டில் கிடக்கும்போது, முதலில் யாருடையதைப் பிரிக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் என்ற ஊரில் வாருமுங்கு என்னும் பழங்குடி மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆய்வாளர்களோடு சேர்ந்து தங்களுக்கென ஒரு கணினி ஆவணக் காப்பகம் அமைத்தார்கள். அதன் பெயர் முகுர்ட்டு. அந்த மொழியில் அது ஒரு பையின் பெயர். புனிதமானவற்றை முதியவர்கள் போட்டுவைக்கும் பை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை நினைவுக்கு வருகிறதா? பேரப்பிள்ளை கேட்டால் அவிழ்ப்பார்கள், ஆனால் கேட்கிற விதமாகக் கேட்கவேண்டும். அந்தக் கணினியிலும் அப்படித்தான். ஆணா பெண்ணா, எந்தக் குடும்பம், எந்த நிலத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்துத்தான் எது திறக்கும் என்பது அமையும்.

இனி அந்தக் கடிதம். மாணவியும் நானும் உட்கார்ந்து திருத்தி எழுதினோம். "அனைத்தின்" போயிற்று, பட்டியலைப் பார்த்து மூன்றே மூன்று பதிவு எண்கள் வந்தன. இவற்றில் ஆண்களுக்கு அல்லது பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியவை இருந்தால் எனக்கு அனுப்பவேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தோம். இந்தப் பதிவுகளுக்குப் பொறுப்பான சமூகத்தார் யார், அவர்களை எப்படி அணுகுவது முறை என்று கேட்டோம். இதற்காக அவர்கள் செலவிடும் நேரத்துக்கு என்ன ஈடு செய்வேன், எழுதியதை அச்சுக்கு முன் யாரிடம் காட்டுவேன் என்றும் எழுதினார். இறந்தவர்களின் பெயரையும் முகத்தையும் வெளியிடுவது அங்கே பல குடும்பங்களை வருத்தும். அதைப் பற்றியும் கேட்டுக்கொண்டார். முதல் கடிதம் அரைப் பக்கம். இது இரண்டு பக்கம் வந்தது.

பதில் வர எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டார். முதியவர்கள் கூடிப் பேசவேண்டும், ஊரில் ஒரு சாவு விழுந்தால் அந்தக் கூட்டம் தள்ளிப்போகும், ஆகவே ஆய்வேட்டின் அந்த இயலைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கூடாது என்று பதில் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டார். அந்த இயலை அவை இல்லாமலே எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தாளை உறையில் போட்டு ஒட்டினார். கடிதம் போன வாரம் புறப்பட்டது.