ஸ்னோபோர்டில் எந்தக் காலை முன்னே வைப்பது?

வணக்கம். காஷ்மீரின் குல்மார்க்கிலோ உத்தராகண்டின் ஔலியிலோ, பக்கவாட்டில் நின்று பனிச்சரிவில் சறுக்கும் ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்டை வாடகைக்கு எடுக்கப் போகிறவரிடம், காலணி அளவைக் கேட்ட கையோடு கடைக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி "ரெகுலரா, கூஃபியா?" என்பதுதான். இடது காலை முன்னே வைத்துச் சறுக்குபவர் ரெகுலர், வலது காலை முன்னே வைப்பவர் கூஃபி. அதுவரை பனியையே பார்த்திராத நம் தண்டையார்பேட்டைக்காரரும் ராயபுரத்துக்காரரும் அங்கே சற்றுத் திகைத்துவிட்டு, "எனக்கு வலது கைப் பழக்கம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ரெகுலராகப் பலகையைப் பூட்டிக் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு. கைப் பழக்கத்தை வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடாது என்பதையும், சென்னையை விட்டுக் கிளம்பும் முன்பே விடையில் பாதியை வீட்டுக் கூடத்திலேயே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் இன்று சொல்லப் போகிறேன்.

கையும் காலும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. கிரிக்கெட்டைப் பார்க்கிற எவருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. சச்சின் டெண்டுல்கர் எழுதுவது இடது கையால், மட்டை பிடித்ததும் பந்து வீசியதும் வலது கைக்காரராக. சௌரவ் கங்குலி வலது கையால் பந்து வீசினார், ஆனால் ஆடியது இடது கை ஆட்டக்காரராக. வலது கை ஆட்டக்காரர் கிரீஸில் நிற்கும்போது அவருடைய இடது தோளும் இடது காலும் பந்துவீச்சாளரை நோக்கி இருக்கின்றன, தலை இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறது. கால்களை மட்டும் கவனித்தால் அது ரெகுலர் நிலைதான். கங்குலி நிற்கும்போது வலது கால் முன்னே இருந்தது, அதாவது கூஃபி. உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் இடது கைக்காரர். ஸ்னோபோர்டில் கூஃபியாகச் சறுக்குபவர்களோ அதைவிட மிக அதிகம். அப்படியென்றால் அவர்களில் பெரும்பாலோர் வலது கைக்காரர்களாகத்தான் இருக்க முடியும்.

வட சென்னையில் இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் குத்துச்சண்டைக்குப் போகாமல் இருக்க மாட்டார். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பெயர் சொல்லி மோதிய ஊர் இது, இன்றும் பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகள் மாலையில் கயிறு தாண்டுகிறார்கள். அங்கே வலது கைக்காரருக்கு முதல் நாளே இடது காலை முன்னே வைக்கச் சொல்லித் தருவார்கள். பலமான வலது கை பின்னால் இருந்து இடுப்பின் முழுச் சுழற்சியோடு வர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இடது கைக்காரருக்கு அப்படியே தலைகீழ். ஸ்னோபோர்டில் கைக்கு இப்படி எந்த வேலையும் இல்லாததால், அந்தக் காரணம் இங்கே செல்லுபடியாகாது. ஆனாலும் பல ஆண்டுகள் ஆர்த்தடாக்ஸ் நிலையில், அதாவது இடது காலை முன்னே வைத்து, நின்று பழகிய ஒருவர் என்னிடம் கேட்டால், ரெகுலரிலேயே தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். பக்கவாட்டில் நின்று, முழங்காலை மடக்கி, இடது தோளுக்கு மேலாக எதிரே பார்க்கும் பழக்கம் அவர் உடம்பில் ஏறியிருக்கிறது. அது இயற்கையாக வந்ததா, பயிற்சியால் வந்ததா என்பது மலைச்சரிவுக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் அவர் மறக்க வேண்டியிருக்கும்: குத்துச்சண்டையில் பின்காலின் குதிகால் தரையிலிருந்து சற்று எழும்பியே இருக்கும், ஸ்னோபோர்டில் இரண்டு உள்ளங்கால்களும் முழுதாகப் பலகையில் படிந்திருக்க வேண்டும்.

அன்றாடம் நாம் செய்கிற வேறு சிலவற்றையும் இதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள், அவற்றில் பல ஏமாற்றுபவை. மாநகரப் பேருந்து முழுதாக நிற்பதற்குள் இறங்குபவர்கள் இடது காலைத்தான் முதலில் ஊன்றுவார்கள், ஏனென்றால் வாசல் இடப்பக்கம் இருக்கிறது, முகம் வண்டி போகும் திசையில் இருக்கிறது. வண்டியை வலது காலால் உதைத்துக் கிளப்புகிறோம் என்றால் உதைக்கும் கம்பி பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதால்தான். இவையெல்லாம் வண்டியைச் செய்தவர் எடுத்த முடிவுகள். பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிட்டால் முதலில் எந்தக் கால் முன்னே போகிறதோ அதுதான் விடை என்ற சோதனை மிகப் பிரபலமானது, எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். தள்ளப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. தெரியாவிட்டாலும், அந்த நொடியில் எடை எந்தக் காலில் இருந்தது என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுகிறது. பந்தை எந்தக் காலால் உதைக்கிறீர்கள் என்பதும் மங்கலான குறிப்புதான்.

நான் நம்புவது இரண்டு சோதனைகளை. முதலாவதுக்கு மொசைக் தரையும் பள்ளிக்கூடக் காலுறையும் போதும். நான்கைந்து அடி ஓடி வந்து, ஒரு காலை முன்னேயும் மற்றொன்றைப் பின்னேயும் வைத்துப் பக்கவாட்டில் சறுக்குங்கள். கால்களைப் பற்றி நினைக்காமல் செய்தால்தான் பயன் உண்டு, ஆகவே வீட்டில் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து இடுப்புக்குக் கீழே மட்டும் படம் பிடிக்கச் சொல்லிவிட்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைப் பார்த்தபடி பல முறை சறுக்குங்கள், பிறகு உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரே கால் திரும்பத் திரும்ப முன்னே வந்திருக்கும். கேரம் பலகைக்குப் போடும் பவுடரைத் தரையில் தூவினால் இன்னும் நன்றாகச் சறுக்கும் என்று யோசிப்பவர்கள் நம் பகுதியில் நிச்சயம் இருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், ஸ்னோபோர்டு கற்கத் தொடங்குபவர்களுக்கு மிக அதிகமாக அடிபடும் இடமான மணிக்கட்டை வீட்டிலேயே உடைத்துக்கொண்டு மலைக்குப் போக முடியாது.

இரண்டாவது, தெருவில் பிள்ளைகள் காலால் உந்தி ஓட்டுகிற ஸ்கூட்டர். எந்தக் கால் பலகையில் நிற்கிறது, எந்தக் கால் தரையை உந்துகிறது என்று பாருங்கள். முதல் நாள் பனியில் நீங்கள் செய்யப் போவதும் இதுவேதான்: முன்கால் மட்டும் பூட்டப்பட்டிருக்கும், பின்காலால் உந்தி உந்திச் சமதளத்தைக் கடப்பீர்கள், பிறகு அந்தக் காலை, காலணியைப் பலகையோடு பிணைக்கும் இரண்டு பூட்டுகளுக்கும் நடுவே பலகையின் மீது வைத்து மெல்ல வழுக்கிப் போவீர்கள். ஸ்கூட்டரில் நிற்கும் கால் ஸ்னோபோர்டில் முன்காலாகப் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது.

மீதிப் பாதி விடையைப் பனிதான் சொல்ல வேண்டும். தொடக்கப் பாடங்களில் ஃபாலிங் லீஃப் என்றொரு பயிற்சி உண்டு. இரண்டு கால்களையும் பூட்டிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்தபடி குதிகால் பக்கத்து விளிம்பில் நின்று, திரும்பாமலேயே ஒருமுறை இடப்பக்கமாகவும் மறுமுறை வலப்பக்கமாகவும் சரிவின் குறுக்கே நழுவி நழுவி இறங்க வேண்டும். இடப்பக்கம் நகரும்போது இடது கால் முன்கால், வலப்பக்கம் நகரும்போது வலது கால் முன்கால். அதாவது ஒரே இறக்கத்தில் நீங்கள் ரெகுலராகவும் கூஃபியாகவும் மாறி மாறிச் சறுக்குகிறீர்கள், எதையும் கழற்றிப் பூட்ட வேண்டியதில்லை. எந்தப் பக்கம் போகும்போது மூச்சை அடக்காமல் போகிறீர்கள், எந்தப் பக்கம் போகும்போது கை காற்றைப் பிடிக்கப் பார்க்கிறது என்று கவனியுங்கள். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. சரிவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் விடை கோணிவிடும் என்பதால், இடத்தை மாற்றி மீண்டும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

இங்கேதான் ஒரு குழப்பம் வருகிறது. சரிவைக் கண்ட பயத்தில் உடம்பு தானாகவே பின்காலுக்குச் சாய்கிறது. எடை பின்னே போனதும் பலகையின் முன்முனை லேசாகிவிடுகிறது, திருப்பத்தைத் தொடங்க வேண்டிய முன்காலுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது, வேகம் கூடுகிறது, விழுகிறோம். விழுந்தவர் உடனே "கால் தேர்வு தவறு" என்ற முடிவுக்கு வந்து பலகையை மாற்றக் கிளம்பிவிடுகிறார். மாற்றுவதற்கு முன், மார்பெலும்பு முன்காலின் பக்கம் இருக்கிறதா, முன்முழங்கால் மடங்கியிருக்கிறதா என்று ஒரு காலை நேரம் முழுவதும் கவனித்துச் சறுக்குங்கள். அதற்குப் பிறகும் முன்கால் மரத்துப்போன மாதிரி இருந்து, ஃபாலிங் லீஃபிலும் எதிர்ப்பக்கமே எளிதாக வந்தால், அப்போது மாற்றலாம்.

அப்படி மாற்ற நேர்ந்தால் எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கடையிலேயே இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்முனையும் பின்முனையும் ஒரே வடிவத்தில் இருக்கும் ட்வின் பலகை வேண்டும். பூட்டுகளின் கோணம் முன்னே கூட்டல் 12, பின்னே கழித்தல் 12 பாகை, அல்லது இரண்டும் 15 என்று சமமாக இருக்க வேண்டும். இரண்டு பாதங்களும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும் இந்த அமைப்பை டக் ஸ்டான்ஸ் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். இந்த அமைப்பில் ரெகுலருக்கும் கூஃபிக்கும் திருகாணியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. எந்தக் காலைக் கழற்றி உந்துகிறீர்கள் என்பதும், பாதுகாப்புக் கயிறு இருந்தால் எந்தக் காலில் அதைக் கட்டுகிறீர்கள் என்பதும்தான் மாறும். முன்னோக்கிய வடிவமுள்ள பலகையைக் கொடுத்துவிட்டால் பூட்டுகளைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியிருக்கும், வரிசையில் பத்துப் பேர் நிற்கும் காலை நேரத்தில் அதற்குக் கடைக்காரர் முகம் கொடுக்க மாட்டார்.

கபடி ஆடி முழங்காலில் தசைநார் கிழிந்தவர்கள் நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. பனிச்சரிவில் ஆளை மேலே இழுத்துச் செல்லும் லிஃப்டில் போகும்போது பூட்டியிருப்பது முன்கால் மட்டும்தான், பலகை திரும்பினால் அந்தத் திருகல் முழுவதையும் வாங்குவது முன்முழங்கால்தான். ஆகவே மொசைக் தரை என்ன சொன்னாலும், அடிபட்ட காலை முன்னே வைப்பதற்கு முன் மருத்துவரிடமும் பயிற்சியாளரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். குல்மார்க்கில் கோண்டோலா எனும் கம்பிவட ஊர்தியில் ஏறும்போது பலகையைக் கழற்றிவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. கற்றுக்கொள்பவர்களுக்கான சிறிய சரிவுகளில் உள்ள இழுவை லிஃப்டில்தான் இருக்கிறது.