உங்கள் அலமாரியில் இருக்கும் போர்டுக்காக ஒருவர் காத்திருக்கிறார்

வணக்கம் நண்பர்களே. பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். மேசை முழுவதும் சின்னக் கணினி போர்டுகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். ராஸ்பெர்ரி பை இருக்கிறது, பீகிள்போன் பிளாக் இருக்கிறது, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் என்ற வடிவமைப்பில் செய்த சிப் வைத்த போர்டு ஒன்றும் இருக்கிறது. இவற்றை லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை எழுதுகிறவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

களக்காட்டுப் பக்கம் வாழைத் தோப்புகளில் மோட்டாரைச் செல்பேசியிலிருந்து ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவிகளை அமைத்துக் கொடுப்பது என் தொழில். உள்ளே இருப்பது இப்படி ஒரு போர்டு, அதில் ஓடுவது லினக்ஸ். ஒருமுறை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதிய பதிப்புக்கு மாற்றியபின் விசித்திரமான ஒரு கோளாறு வந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கொடுத்தால் நெட்வொர்க் வேலை செய்யும். மென்பொருள் வழியாக மறுதொடக்கம் செய்தால் நெட்வொர்க் எழுந்திருக்காது. தோப்புக்காரர்கள், "அண்ணாச்சி, மோட்டார் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது" என்று அழைத்தார்கள். நெட்வொர்க் சிப்பை இயக்கும் கெர்னல் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர், அதாவது பராமரிப்பாளர், ஐரோப்பாவில் இருப்பவர். அவருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: காரணம் ஓரளவு தெரிகிறது, ஆனால் அவரிடம் இருந்த அந்தப் போர்டு பழுதாகிவிட்டது, சோதித்துப் பார்க்காமல் எதையும் மாற்றமாட்டார்.

எனக்கு அவர்மேல் வருத்தம் வரவில்லை, மதிப்புதான் கூடியது. உலகம் முழுவதும் ஓடும் ஒரு நிரலை ஊகத்தில் திருத்தாதவர் அவர். அவர் நாட்டுக் கடை ஒன்றிலேயே அந்தப் போர்டை வாங்கி அவர் முகவரிக்கு அனுப்பச் செய்தேன். மறுதொடக்கத்தின்போது நெட்வொர்க் சிப்பைப் போதிய நேரம் ரீசெட் நிலையில் பிடித்து வைக்காததுதான் குறை என்று கண்டுபிடித்தார். திருத்தம் சில வரிகள்தான். அது மூலக் கெர்னலுக்குள் போனதால், அந்தப் போர்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

பராமரிப்பாளரின் மேசையில் இருக்கும் போர்டு பிழைக்கிறது. அவர் மேசையில் இல்லாத போர்டு அடுத்தடுத்த பதிப்புகளில் சத்தமில்லாமல் கெட்டுப்போகிறது. யாரும் வேண்டுமென்று கெடுப்பதில்லை, ஆனாலும் கெட்டுவிடுகிறது.

"எமுலேட்டர் இருக்கிறதே, நிஜப் போர்டு எதற்கு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஒரு சிப்பைப் போலவே நடித்துக் காட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். நல்ல கேள்வி. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003 இல் வெளியிட்ட கியூஎமு என்ற எமுலேட்டர் இல்லாமல் என் வேலையே நடக்காது. அது பிடித்துக்கொடுக்கும் பிழை ஒன்றைச் சொல்கிறேன். சி என்ற நிரல் மொழியில் ஓர் எழுத்தை வைக்கும் 'சார்' என்ற வகை, இன்டெல் கணினி லினக்ஸில் -128 முதல் 127 வரை செல்லும். செல்பேசிகளிலும் இந்தச் சின்னப் போர்டுகள் பலவற்றிலும் இருக்கும் ஆர்ம் வகைச் சிப்பின் லினக்ஸில் 0 முதல் 255 வரை. கோப்பு முடிந்தது என்பதற்கான அடையாளம் -1. அதை 'சார்' ஒன்றில் வாங்கிப் பார்க்கும் நிரல் இன்டெல்லில் ஒழுங்காக நிற்கும். ஆர்மில் -1 என்பது 255 ஆகிவிடும், முடிவே வராது, நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். இதை எமுலேட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது அப்படி இல்லை. ஒரு சிப்புக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகளைக் கோர் என்பார்கள். ஒரு கோர் ஒரு தகவலை நினைவகத்தில் எழுதிவிட்டு, 'எழுதியாயிற்று' என்று ஒரு கொடியை உயர்த்துகிறது. இன்னொரு கோர் கொடியைப் பார்த்துத் தகவலைப் படிக்கிறது. இன்டெல் வகைச் சிப்பில் எழுதிய வரிசையிலேயே இரண்டும் தெரியும். ஆர்மும் ரிஸ்க்-ஃபைவும், நாம் வெளிப்படையாகக் கட்டளையிட்டால் தவிர, அந்த வரிசைக்கு உறுதி தருவதில்லை. கொடி முதலில் தெரியலாம், தகவல் பின்னால் வரலாம். இன்டெல் மடிக்கணினியில் ஆர்ம் எமுலேட்டரை ஓட்டினால், அடியில் இருக்கும் இன்டெல் சிப்பின் ஒழுங்கு இந்தப் பிழையைப் பெரும்பாலும் மூடிவிடுகிறது. இன்டெல்லில் பல ஆண்டுகள் தவறாமல் ஓடிய நிரல் ஆர்மில் ஆயிரத்தில் ஒருமுறை விழும். குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் இறங்கியவனுக்குத்தான் இழுப்பு தெரியும். இதோடு சூடு, மின்னழுத்தம், யூஎஸ்பி, வைஃபை, உறக்கத்திலிருந்து விழிப்பது என்று எமுலேட்டர் தொடாத பகுதிகள் ஏராளம்.

சரி, எப்படிக் கொடுப்பது? முதலில் கேளுங்கள். கேட்காமல் அனுப்பிய பார்சல் ஒருவருக்குச் சுமை. லினக்ஸைப் போலவே கட்டற்ற இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியின் திட்டம் தனக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலைத் தன் இணையதளத்திலேயே வைத்திருக்கிறது. மற்றத் திட்டங்களில், அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கு இரண்டு வரி எழுதினால் போதும்.

போர்டின் பெயரோடு, அது எத்தனையாவது வடிவம் என்று காட்டும் திருத்த எண்ணையும் சொல்லுங்கள். இது மிக முக்கியம். 2019 இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 இன் முதல் வடிவத்தில், யூஎஸ்பி-சி மின் இணைப்பில் ஒரு வடிவமைப்புக் குறை இருந்தது. சிலவகைக் கேபிள்களில் மின்சாரமே ஏறாது. திருத்தம் 1.2 இல் சரிசெய்தார்கள். பெயர் ஒன்றுதான், பொருள் வேறு.

பிறகு துணைப்பொருள்கள். சரியான அடாப்டர், மெமரி கார்டு, எல்லாவற்றுக்கும் மேலாக சீரியல் கேபிள். திரையில் ஒன்றும் தெரியாமல் போர்டு நின்றுவிட்டால், எங்கே நின்றது என்று சொல்வது இந்தக் கேபிளின் மூன்று கம்பிகள்தான். பெரும்பாலான போர்டுகளுக்கு 3.3 வோல்ட் கேபிள் வேண்டும். 5 வோல்ட்டைக் கொடுத்தால் சிப் எரிந்துவிடலாம். கொடுப்பவர் அதையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தால் வாங்குபவருக்குப் பல நாள் மிச்சம்.

சிப்பின் கையேடும் சுற்றுப்படமும் பொதுவில் கிடைக்காவிட்டால் போர்டு மட்டும் போய்ப் பயன் குறைவு. சில நிறுவனங்கள் 'வெளியே சொல்லமாட்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கையேடு தருகின்றன. எழுதப்போகும் நிரலே பொதுவில் இருக்கும்போது இது என்ன நிபந்தனை? ஓபன்பிஎஸ்டி அப்படிப்பட்ட ஒப்பந்தங்களைக் கொள்கையாகவே மறுக்கிறது. அது சரி என்றே நான் நினைக்கிறேன்.

வெளிநாட்டுக்கு இங்கிருந்து அனுப்பினால் சுங்கவரி வாங்குபவர் தலையில் விழலாம். அவர் நாட்டுக் கடையிலிருந்தே வாங்கி அனுப்புவது நல்லது. முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று பராமரிப்பாளர் மேசைக்கு, இன்னொன்று தானியங்கிச் சோதனைக்கு.

தானியங்கிச் சோதனை என்றேனே, அதில்தான் நம் ஊருக்கு வேலை இருக்கிறது. கெர்னல்சிஐ என்று ஒரு திட்டம், 2019 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் நடக்கிறது. பல இடங்களில் இருக்கும் சோதனைக்கூடங்களில் போர்டுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். புதிய கெர்னல் வந்ததும் அவற்றில் தானாக ஏற்றி, ஓட்டி, விழுந்ததா தேறியதா என்று எழுதிவிடும். போர்டு உங்கள் இடத்திலேயே இருக்கும். அதன் நேரத்தை நீங்கள் கொடையாகத் தருகிறீர்கள். வேண்டியவை: தொலைவிலிருந்து மின்சாரத்தை நிறுத்திப் போடும் ரிலே என்ற சுவிட்ச், சீரியல் இணைப்பு, நிலையான இணையம். வீட்டு நெட்வொர்க்கிலிருந்து அதைத் தனியே பிரித்து வையுங்கள். பிறர் அனுப்பும் நிரல் அதில் ஓடப்போகிறது.

நம் பக்கத்துக்கென்று இரண்டு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு எர்த் இணைப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், ரூட்டருக்கும் போர்டுகளுக்கும் சிறிய யூபிஎஸ் வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வண்ணார்பேட்டைக்குள் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தரைத்தளத்தில் எதையும் வைக்காதீர்கள்.

பழைய போர்டு யாருக்கு வேண்டும் என்கிறீர்களா? 32 பிட் எண்ணில் நேரத்தைக் கணக்கு வைக்கும் மென்பொருள் 2038 ஜனவரி 19 இல் நிரம்பி வழியும், தேதி தப்பாகிவிடும். லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு தொகுத்துத் தரும் டெபியனின் 13 ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. அதில், 32 பிட் ஆர்ம் போர்டுகளுக்கான தொகுப்புகளை 64 பிட் நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். களக்காட்டில் இன்று நான் பொருத்தும் கருவி 2038 இலும் அங்கேயே இருக்கும். 2013 இல் வந்த பீகிள்போன் பிளாக் 32 பிட்தான், அதைச் சோதிக்க ஆள் வேண்டும். எல்லாப் பழையதும் அப்படியல்ல. 2012 இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையின் சிப்பில் டெபியனின் முக்கிய 32 பிட் ஆர்ம் பதிப்பான 'ஆர்ம்ஹெச்எஃப்' ஓடவே ஓடாது. அதனால்தான் முதலில் கேளுங்கள் என்றேன்.

நம் நாட்டுச் சிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை ஐஐடியில் 'சக்தி', மலைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்தில் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில் 'வேகா', இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் வகை. டெபியன் 13 இல்தான் ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதிகாரபூர்வ ஆதரவோடு வெளியானது. கதவு திறந்திருக்கும் நேரம் இது. இந்தச் சிப்புகளின் போர்டுகள் கல்லூரிகளுக்குப் போவதோடு உலகத்துப் பராமரிப்பாளர்களின் மேசைகளுக்கும் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு கை நிறையப் போர்டு கொடுத்தால் போதும், அவற்றுக்கான ஆதரவு மூல நிரலிலேயே இடம்பிடிக்க வழி பிறக்கும்.

இறுதியாண்டு மாணவர்களே, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ப்ராஜெக்ட் போர்டு துறை அலமாரிக்குள் போய்விடும். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு, போர்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, திருத்த எண் தெளிவாகத் தெரியும்படி எனக்கு அனுப்புங்கள். மாணவர் இல்லாதவர்களும் அனுப்பலாம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். ஓடுகிறதா என்று பார்த்து, கேபிளும் அடாப்டரும் சேர்த்து, எந்தத் திட்டத்துக்கு வேண்டும் என்று கேட்டு அனுப்புவது என் பொறுப்பு. அடுத்த வீடியோவில் ரிலேயும் சீரியல் கேபிளும் வைத்துச் சோதனைக்கூடம் கட்டுவதை முதல் கம்பியிலிருந்து செய்து காட்டுகிறேன். வணக்கம்.